சீழ் நின்ற காது

"பிள்ளையின்ரை காதுக்குள்ளை ஏதும் விட்டனீரோ?" என்று மிசன் ஆசுப்பத்திரி டொக்டரம்மா கேட்டபோது நல்லம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஓம் அம்மா. உள்ளி போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெய். எல்லாரும் விடுறதுதானே?"

"செவிப்பறையிலை ஓட்டை விழுந்திருக்கு. இனி எண்ணெயும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். சீழ் வெளியிலை வரட்டும். வழியை மட்டும் அடைச்சுப் போடாதையும். அடைச்சால் உள்ளுக்கை போய் மூளையைப் பிடிக்கும்."

பஞ்சைத் திரியாகத் திரித்து, நோகாமல் ஒற்றி எடுக்கும் விதத்தையும் காட்டிக் கொடுத்தார்.

நல்லம்மா அப்படியே செய்தாள். ஆனால் ஐந்து வயதுக் கமலாவதியின் காதில் சீழ் நிற்கவில்லை. மாரி போய்ப் பனி வந்தும் நிற்கவில்லை. மணம் தாங்காமல் பக்கத்து வளவுப் பிள்ளைகள் அவளை விளையாட்டில் சேர்ப்பதில்லை. அவள் வேலி ஓரம் நின்று பார்ப்பாள்.

புகையிலைத் தோட்டத்தால் வந்த தியாகராசா மனைவி நல்லம்மாவிடம் சீறினான். "துடை, துடை எண்டு சொல்லுறதுக்கோ அந்த மனிசி இங்கிலீசு படிச்சவ? நாளைக்குக் கொக்குவிலுக்குக் கொண்டு போ. பஞ்சலிங்கப் பரியாரியார் ஒரு கேள்வி கேட்கமாட்டார். கையைப் பிடிச்சாரெண்டால் காணும்."

"எண்ணெய் விடக் கூடாதெண்டவ..."

"அதைப் பரியாரியாரட்டைச் சொல்லன். அவருக்குத் தெரியாததோ?"

அதுவும் அவளுக்குச் சரியாகத்தான் பட்டது.

பரியாரியார் கண்ணை மூடியபடி கமலாவதியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நல்லம்மா அருகில் குந்தினாள்.

"ஐயா, செவிப்பறை ஓட்டையாம். எண்ணெய் விடக் கூடாதாம். அடைக்கவும் கூடாதாம். சீழ் உள்ளுக்கை போனால் மூளையைப் பிடிக்குமாம்."

அவர் கண் திறக்கவில்லை. பக்கத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பராசக்திதான் நிமிர்ந்து பார்த்தாள். குழவி ஒரு கணம் நின்றது.

"நாடி பார்க்கேக்கை கதையாதையும் தங்கச்சி. அவருக்கு எல்லாம் விளங்கும்."

"கபம் தலைக்கு ஏறிக் கிடக்குது. பயமில்லை" என்றார் பரியாரியார். தைலத்தைச் சூடாக்கிக் காதில் விட்டார். மெழுகு தோய்த்த சீலைத் திரியால் இறுக அடைத்தார்.

"அம்மா!" என்று கமலாவதி வீரிட்டாள். வேலியில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. பரியாரியாரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"என்ன நிதானம் பாத்தியளோ!" என்றாள் காத்திருந்த பெண்களில் ஒருத்தி. "எங்கடை மனிசனெண்டால் பிள்ளைக்கு முதல் தான் அழுதிருக்கும்."

மறுநாள் சீழ் நின்றது. தியாகராசா சந்தியெல்லாம் சொல்லித் திரிந்தான். கமலாவதி பக்கத்து வளவுக்குள் போய்க் கெந்தி விளையாடினாள்.

பிறகு காதின் பின்பக்கம் வீங்கியது. காய்ச்சல் கொதித்தது. தூக்கிக்கொண்டு மிசன் ஆசுப்பத்திரிக்கு ஓடினார்கள். டொக்டரம்மா அந்தத் திரியை இழுத்து எடுத்தார். இந்தமுறை அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையின் பிடரி அப்போதே விறைத்திருந்தது.

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தியாகராசா சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டான். சாவுத் துடக்கு வீட்டுக்காரி இன்னொருவர் வாசல் படலை தாண்டக் கூடாது. நல்லம்மா கொக்குவில் வரை நடந்து, தாண்டினாள்.

பரியாரியார் முற்றத்தில் முதுகு காட்டி இருந்து தைலம் வடித்துக்கொண்டிருந்தார்.

"அடைக்கக் கூடாதெண்டு சொன்னனானெல்லோ!" அவள் குரல் பிளந்தது. "அவ்வளவு சொல்லியும் என்ரை பிள்ளையைச் சாகடிச்சுப் போட்டீரே! கல்லோ நீர்?"

அவர் திரும்பவில்லை. வடிப்பதை நிறுத்தவுமில்லை.

அவள் கிட்டப் போனாள். அவளுடைய நிழல் கைமேல் விழவே, அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"வாரும் பிள்ளை. சீழ் நிண்டிருக்குமே? பிள்ளையைக் கூட்டி வரேல்லையோ?"

பராசக்தி உள்ளேயிருந்து ஓடி வந்து நல்லம்மாவின் காலைப் பிடித்தாள்.

"கத்தாதையும் தங்கச்சி, அயல் கேட்டிடும். அவருக்கு இரண்டு காதும் செவிடு, கன காலமாய். சொன்னால் ஆர் வருவினமெண்டு மறைச்சு வச்சிருக்கிறன். நீர் அண்டைக்குச் சொன்னது எனக்கு மட்டுந்தான் கேட்டது."

நல்லம்மா காலை விடுவித்துக்கொண்டு வெளியேறினாள்.