ஒரே ஒரு முடிவு

பல்கலைக்கழக நூலகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குத் தேடல் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பழைய நாளிதழ்களில் எதை வேண்டுமானாலும் தேடலாம். சொல்மேல் சொல் சேர்த்து ஒரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், 'துல்லியத் தேடல்' என்ற பேட்ஜ் திரையின் மூலையில் பச்சையாக எரியும். பிரதீபா, மூன்று வருஷமாக வீடு திரும்பாத அண்ணனைத் தேடினாள். ரேஷன் கார்டில் அவன் பெயரை நீக்க அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. 'இளைஞர்' என்று போட்டதும் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. அவன் காணாமல்போன ஆண்டையும் கடைசியாகப் பேருந்து ஏறிய ஊரையும் சேர்த்தபோது முப்பத்தொன்றாகக் குறைந்தன.

"நான் பிரியாணின்னு போட்டு நாலாயிரத்துல நிக்கிறேன். நீ என்னத்தடி தேடுற?" என்றாள் பக்கத்தில் இருந்த ஷகிலா.

பிரதீபா, அண்ணன் மணிக்கட்டில் குத்திக்கொண்ட பச்சையை நினைத்து, 'தேள்' என்று சேர்த்தாள். ஒரே ஒரு செய்திதான் மிஞ்சியது. 'அடையாளம் தெரியாத' என்று தொடங்கிய தலைப்பு பாதியில் நின்றது. மீதியைப் படிக்க அதைத் திறக்க வேண்டும். பேட்ஜ் எரிந்தது.

"சபாஷ்மா, கிளாஸ்லயே நீதான் முதல் ஆளு," என்றபடி நூலகர் பின்னால் வந்து நின்றார். "அதத் திற. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு எல்லாருக்கும் சத்தமா சொல்லு பார்ப்போம்."

பிரதீபா மவுஸிலிருந்து கையை எடுத்து, 'தேள்' என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். பேட்ஜ் அணைந்தது. முப்பத்தொரு பேரும் திரும்பி வந்தார்கள்.