கூடார முளை

சமையலறைக்கு ஓடு பதித்துவிட்டுக் கூடத்துக்கு வந்த கொத்தனார் தாசையன், தரையில் துருத்திக்கொண்டிருந்த மரமுளையைக் கடப்பாரையால் தட்டினார். "இத எதுக்குக்கா இன்னும் வச்சிருக்கீங்க, இடறி விழவா? பிடுங்கிரட்டுமா?"

வீட்டுக்காரி கிரேஸ்மணி முளையருகே வந்து நின்றாள். அவள் பிறப்பதற்கு முன்பு, மெதடிஸ்ட் சபையின் எழுப்புதல் ஜெபக்கூட்டத்துக்காக இந்தப் பொட்டலில் கூடாரம் அடித்தவர்கள், கடைசி ஆராதனை முடிந்ததும் முளைகளைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினார்கள். "புள்ள இப்பத்தான் கண்ணசந்தான், எந்திரிக்கட்டும்" என்று அவள் அம்மா மட்டும் தன் கூடாரத்தைப் பிரிக்க விடவில்லை. அவளுக்குத் துணையாகச் சில குடும்பங்கள் தங்கின. ஊர் அப்படித்தான் உண்டானது. அம்மாவின் கூடாரத்தில் மிஞ்சிய முளை இது.

அந்தப் பிள்ளைக்கு இப்போது எண்பது வயது. மருத்துவர் கைவிரித்துவிட்டார். உள்ளறையிலிருந்து அண்ணனின் குரல் மெலிதாக வந்தது. "முளையத் தட்டுறாங்களாம்மா? கெளம்பியாச்சா?"

கிரேஸ்மணி கடப்பாரையைப் பற்றிக்கொண்டாள்.

"இல்லண்ணே. நீங்க தூங்குங்க."