பாலிஷ் போடாத இரும்பு

“ஏலே, எவன் பட்டறையில செஞ்சதுன்னு சொல்லிரு. அப்புறம் நான் வேற மாதிரிக் கேட்பேன்.”

எஸ்.ஐ. சேனாதிபதி மேசையைத் தட்டிய தட்டில், கஸ்பாருக்கு வைத்திருந்த டீ தளும்பியது. கஸ்பார் அதைத் தள்ளி வைத்தார்.

முப்பது வருஷம் ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர். வெள்ளனே வத்தலக்குண்டுக்கு ஜீப் அனுப்பி அவரை இந்த மலை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். இந்த ஆள் வாங்கித் தந்த டீயைக் குடிக்க அவருக்கு மனசில்லை.

அந்த அதட்டல் கிளாவரை கிராமத்து ஆண்டிச்சாமிக்கு. அவன் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருந்தான்.

“சொன்னேனுங்களே. பழைய பங்களா இடிக்கிற சோலிக்குப் போனேன். மச்சுல தகரப்பெட்டியில கெடந்துச்சு. பழைய இரும்புக்குப் போடலாம்னு எடுத்தாந்தேன்.”

“காட்டுமாடு சுட நீ துப்பாக்கி செய்றதா உங்க ஊர்லயே சொல்றாங்க. உள்ள போனா வெளிய வர வருஷக்கணக்காகும், தெரியுமாலே?”

ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கியிருந்தது. அந்தக் குளிரிலும் எஸ்.ஐ. அரைக்கைச் சட்டையோடு நின்றார். விறைப்புக் காட்டுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டார் கஸ்பார்.

மேசையில் விரித்த துணிமேல் நாலு துப்பாக்கிச் சாமான்கள். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஒன்று, விசையைச் சுற்றி வரும் காப்பு, குழலைக் கட்டையோடு பிடிக்கும் வளையம் இரண்டு.

போல்ட்டைக் கையில் எடுத்தார். மேலெல்லாம் வரிவரியாகக் கடைசல் தடம். காப்பு வெறும் தகட்டை மடித்தது.

“மட்டமான வேலை,” என்றார்.

ஆண்டிச்சாமியின் தலை கவிழ்ந்தது.

“கம்பெனி சாமான்னா இப்படியா இருக்கும்?” என்றார் எஸ்.ஐ.

கஸ்பார் போல்ட்டின் முனையைத் துடைத்தார். சுண்டுவிரலால் தடவினார். மறுபடியும் தடவினார்.

“ஏம்மா, டார்ச் இருக்கா?”

காவலர் ஜென்சி டார்ச் அடித்தாள். கஸ்பார் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“இங்க பாருங்க சார். போல்ட்டைப் பூட்டுற ரெண்டு காது. தோட்டா வெடிக்கிறப்ப மொத்த அடியும் இதுலதான் விழும். விரலை வச்சுப் பாருங்க.”

எஸ்.ஐ. வைத்தார். “வழுவழுன்னு இருக்கு.”

“கள்ளத் துப்பாக்கி செய்றவன் விக்கணும்ல? மேல மினுக்குவான், உள்ள விட்டுருவான். இது தலைகீழா இருக்கு. கைப்பிடி ஓரத்துல பாருங்க, எறும்பு சைசுல ஒரு கழுகு. ஜெர்மன் ராணுவ முத்திரை. ரெண்டாம் யுத்தம், கடைசி வருஷம். தோத்துக்கிட்டிருக்கானுங்க. ஆளில்லை, நேரமில்லை. பாலிஷை விட்டாச்சு, காப்பைத் தகட்டுல மடிச்சாச்சு. யாரை அடைச்சு வச்சு வேலை வாங்கினானுங்களோ.”

போல்ட்டை மெதுவாகத் திருப்பினார்.

“ஆனா, சுடுறவன் மூஞ்சிக்கிட்ட வெடிக்கிற இடத்துல மட்டும் செஞ்சவன் கை குறைக்கலை. வெளிய பார்த்தா யாரும் ஏமாந்துதான் போவாங்க.”

“எழுதிக் குடுப்பீங்களா ஐயா?” என்றார் எஸ்.ஐ.

“கையெழுத்துப் போட்டே தாரேன். யுத்தத்துக்குப் போன பங்களா துரை எவனாவது கொண்டாந்திருப்பான்.”

எஸ்.ஐ. திரும்பினார். “ஜென்சி, பழைய யுத்தச் சாமான், கண்டெடுத்தவர் ஒப்படைச்சாருன்னு எழுது.”

“நேத்துச் சாயந்திரமே கேஸைப் போடச் சொல்லி மேலிடத்துலருந்து அத்தனை போன் வந்துச்சு. நீங்கதான் சார், விவரம் தெரிஞ்சவர் பார்க்கட்டும்னு...”

“வாயை மூடிட்டு எழுது.” அப்புறம் சுவர்ப் பக்கம் பார்த்தார். “ஏலே, என்ன வேடிக்கை? கிளாவரை பஸ் போயிரும். வெரசாக் கிளம்பு.”

ஆண்டிச்சாமி எழுந்து போர்வையை மடித்து வைத்தான். உள்ளே போட்டிருந்த காக்கி ஸ்வெட்டரைத் தலைவழியே உருவி எடுத்து, மேசைமேல் வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

ஸ்வெட்டரின் தோள்பட்டையில் ரெண்டு நட்சத்திரம். நெஞ்சில் பெயர் வில்லை. கஸ்பார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பெயரைப் படித்தார்.

எஸ்.ஐ. ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு ஜீப்பைப் பார்க்கப் போனார். ஜென்சி எழுதிக்கொண்டிருந்தாள்.

கஸ்பார் டீயைத் தன் பக்கம் இழுத்தார். ஆறி ஆடை படிந்திருந்தது. அப்படியே குடித்து முடித்தார்.