சொடுக்காத நொடி

குளத்தங்கரையில் சாரைப்பாம்பு ஒரு தவளையைச் சுற்றி வளைத்தது.

"அண்ணே, ஒரு நொடி பொறுங்க."

"நொடின்னா எவ்வளவுடா?"

"விரலைச் சொடுக்குற நேரம். சொடுக்குறதுக்குப் பழைய பேரே நொடிக்கிறதுதான்."

"அப்ப சொடுக்கு. சத்தம் கேட்டதும் முழுங்கிடுவேன்."

தவளை விரலோடு விரலை அழுத்திப் பார்த்தது. சத்தமே வரவில்லை. பாம்பின் மூச்சு முதுகில் பட்டது.

"விரல் காய்ஞ்சு கிடக்குண்ணே. தண்ணியில நனைச்சாத்தான் சத்தம் வரும்."

பாம்புக்கு விரல் இருந்தால்தானே அது பொய்யென்று தெரியும்? "சீக்கிரம் நனை," என்று சுருளைத் தளர்த்தியது.

ஒரே தாவு. தவளை அல்லி இலைகளுக்குள் புகுந்து மறைந்தது.

வெயில் ஏறியது. "இன்னும் எவ்வளவு நேரம்டா?" என்று சீறியது பாம்பு.

இலைகளுக்குள்ளிருந்து பதில் வந்தது. "இன்னும் ஒரு நொடிகூட ஆகலண்ணே."