நாற்பத்தேழுக்குப் பூச்சியம்

“ஹேர்னிங்ல இன்னைக்கு ரோடு பூரா செவப்பு ஜெர்சிதான்ப்பா. டென்மார்க்காரன் ஒருத்தனும் ஒழுங்கா வேல பாக்கல.”

மறுமுனையில் அழகையா சிரித்தார். “ராத்திரி கனடாகூடத்தானே ஆட்டம்?”

“ஆமாப்பா, காலிறுதி. தோத்தவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“நாப்பத்தேழு கோலு வாங்குனவனுங்க தம்பி. பாத்து ஆடச் சொல்லு.”

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு பஸ் கண்டக்டர் “கட்டுகஸ்தோட்ட, அக்குறண!” என்று கத்தினான். சதீஸ் அவசரமாகப் போனைப் பொத்திக்கொண்டான்.

அவன் இருந்தது டென்மார்க்கில் இல்லை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், தான் வேலை பார்க்கும் ஃபார்மசியின் பின்னறையில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே நின்றான். அப்பா இருக்கும் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்துக்கு அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

டென்மார்க்கில் இருந்தது அண்ணன் ரமேஸ். ஹேர்னிங்கில் ஓர் ஐஸ் ஹொக்கி மைதானத்தில் ஆறு வருஷம் துப்புரவு வேலை செய்தான். ஜனவரியில் ஒருநாள் வேலைக்குப் போகும்போது, உறைபனியில் சைக்கிள் வழுக்கி லொறிக்கு அடியில் போய்விட்டான். தகனமும் அங்கேயே முடிந்தது.

அந்த வாரம் அழகையா நெஞ்சு வலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போது சொன்னால் தாங்கமாட்டார் என்றார் டாக்டர். சதீஸும், தோட்டத்தில் அப்பாவோடு இருக்கும் தங்கை கலாராணியும் வாயைத் திறக்கவில்லை, வாய்விட்டு அழவும் இல்லை. முப்பத்தோராம் நாள் காரியத்தைக்கூட டவுனில் ஒரு கோயிலில் திருட்டுத்தனமாகத்தான் முடித்தார்கள்.

ரமேஸ் ஞாயிறுதோறும் அப்பாவைக் கூப்பிடுவான், ஆட்டம் இருந்தால் இடையிலும் கூப்பிடுவான். பேச்சில் பாதி டென்மார்க் அணியைப் பற்றித்தான். 1949இல் உலகப் போட்டிக்கு முதன்முதலாகப் போய், கனடாவிடம் நாற்பத்தேழுக்குப் பூச்சியம் என்று தோற்ற அணி அது. மறுபடி மேல் பிரிவுக்கு ஏறி வர ஐம்பத்துநாலு வருஷம் பிடித்தது. ஏறியபின் இறங்கவே இல்லை.

ஐஸ் மைதானத்தைக் கண்ணால் காணாத அழகையாவுக்கு அந்த அணிமேல் அப்படியொரு பாசம். “அவ்வளவு வாங்கியும் திரும்ப ஆட எறங்குனான் பாரு, அவன்தான் மனுசன்,” என்பார். 2022இல் அவர்கள் கனடாவை வென்றபோதும் அவருக்குத் திருப்தியில்லை. “அது சும்மா குரூப் ஆட்டம். கனடாவ வெளிய அனுப்பணும்.”

அந்தப் போன் நின்றுவிடக்கூடாது என்றுதான் சதீஸ் அண்ணனின் குரலை எடுத்தான். இருவர் குரலும் சின்ன வயதிலிருந்தே ஒன்றுபோல. கொஞ்சம் மூக்கால் பேசினால் போதும். நம்பரைப் பார்த்துப் போனை எடுக்கிற பழக்கமும் அப்பாவுக்கு இல்லை.

நாள் போகப் போக அது அவனை விட்டு இறங்க மறுத்தது. கடைக்கு வருகிறவர்களுக்கு மருந்து சொல்லும்போதும் அந்தக் குரல் வந்தது. போனை வைத்த பிறகும் தொண்டையில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். தண்ணீர் குடித்தாலும் போகாது.

பஸ் போனதும் சதீஸ் போனிலிருந்து கையை எடுத்தான். “என்னா தம்பி, தொண்ட கட்டியிருக்கு?” என்றார் அழகையா. “நேத்து நல்லா இருந்துச்சே.”

நேற்று சதீஸ் பேசவே இல்லை. அப்பாவுக்கு நாள் தப்புகிறது என்று நினைத்துக்கொண்டான். “குளிருப்பா,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

மாலையில் கலாராணியைக் கூப்பிட்டான். “நாளைக்கு ஆட்டத்தோட முடிவச் சொல்றேன். அதோட சரி. ஞாயித்துக்கெழம வந்து அப்பாகிட்ட உண்மையச் சொல்லிருவோம்.”

“அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?”

“இல்லாட்டி எனக்கு ஏதாச்சும் ஆயிரும் கலா.”

விடிந்ததும் போர்டிங் அறையில் போனைத் திறந்து பார்த்தான். டென்மார்க் இரண்டு, கனடா ஒன்று. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் சொச்சம் இருக்கும்வரை கனடாதான் முன்னால் இருந்திருக்கிறது. சதீஸ் பாயில் உட்கார்ந்து அழுதான். ஜனவரியில் அழாத அழுகை அது.

முகத்தைக் கழுவிக்கொண்டு அப்பாவின் நம்பரைப் போட்டான். லைன் பிஸி. கலாராணி கொழுந்தெடுக்கப் போயிருப்பாள். தனியாக இருக்கிற மனுஷர் இந்த நேரத்தில் யாரோடு பேசுகிறார்?

மூன்றாவது தடவை ரிங் போனது. அழகையாவே எடுத்தார்.

“அப்பா, டென்மார்க்…”

“ரெண்டுக்கு ஒண்ணு,” என்றார் அவர். “ஒரு நிமிசம்கூட இல்லாத நேரத்துல அடிச்ச கோலு. சனம் போட்ட சத்தத்துல உள்ளுக்கு நிக்கவே முடியலயாம்.”

 வீட்டில் டீவி பழுதாகி மூன்று மாதம். ஓடினாலும் இங்கே எந்தச் செய்தியில் இதைச் சொல்லப்போகிறார்கள்? கலாராணிக்கு ஹொக்கி என்றால் என்னவென்றே தெரியாது.

“யாருப்பா சொன்னது?” என்று கேட்டான், அண்ணனின் குரலிலேயே.

 பிள்ளைக்கு நோகக்கூடாதே என்பதுபோல அழகையா மெதுவாகச் சொன்னார்.

“நீ போன வை சதீஸ். அண்ணன் லைன்ல இருக்கான்.”