ஜன்னலில் பனி

அன்புள்ள கோமதி அக்காவுக்கு,

ஓவிய ஜன்னல் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீயே முடிவு செய்.

வெளியே ஐம்பது டிகிரி வெயில் அடித்தாலும் எங்கள் ஜன்னலில் பனிதான் பெய்யும். பனிக்காலத் தெருக்களையே வரைந்துகொண்டிருந்த ஒரு பழைய இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியரின் பாணியில், எங்கள் வேளச்சேரித் தெருவை அது உடனுக்குடன் வரைந்து காட்டும். ஆட்டோ, தண்ணீர் லாரி, எதிரே இஸ்திரி வண்டிக்கார மாசிலாமணி அண்ணன், எல்லாம் பனிக்குள் இருக்கும்.

மதியம் அண்ணன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வரைந்ததில் உடம்பில் கம்பளிக் கோட்டு, தோளில் பனி.

“பாரேன், குளிருக்கு என்னமா ஒடுங்கிட்டாரு!” என்று இவர் சிரித்தார்.

“அந்தப் பனியில நீல நெழலப் பாருங்க” என்றேன் நான். சாப்பிட்டு முடிக்கும்வரை ரசித்தோம்.

திடீரென்று கரண்ட் போனது. ஜன்னல் வெறும் கண்ணாடியானது. கொதிக்கிற தார் ரோட்டில், நைந்த பனியனோடு, வாய் பிளந்து, கண் செருகி அண்ணன் அதே சக்கரத்தில் சாய்ந்திருந்தார்.

“ஐயோ, மனுஷன் மயங்கிக் கெடக்காருடி!”

இவர் தண்ணீர்க் குடத்தோடு வெறுங்காலில் ஓடினார். நான் ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. மறுபடியும் பனி. அதில் இவர் அண்ணனை மடியில் போட்டுக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அப்பா சிரிக்கிறாரா?” என்று கேட்டாள் சின்னவள்.

கீழே இறங்கிப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது, அக்கா, இவர் அழுதுகொண்டிருந்தார் என்று. ஜன்னலில் தெரியவில்லை. அந்த ஓவியர் யாருக்கும் முகம் வரைவதில்லை.