தெருவாசலில் கூட்டாஞ்சோறு

பகவதி அடுப்பைத் தெருவாசலிலேயே மூட்டினாள்.

பதினெட்டு வருஷமாகப் புறவாசல் வேப்பமரத்தடியில்தான் மூட்டினார்கள். இந்த வருஷம் மூன்று கல்லையும் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். எதிரே டீக்கடை. டீக்கடை பெஞ்சில் ஊர்க்கமிட்டித் தலைவர் ஆறுமுகநயினார். கண் குளிரப் பார்க்கட்டும்.

பங்குனி முதல் சனிக்கிழமை நான்கு தோழிகள் சேர்ந்து ஆக்குகிற கூட்டாஞ்சோறு அது. அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவர வேண்டும். அரிசியும் பருப்பும் பகவதி, கத்திரிக்காய் ஜெர்லின், வாழைக்காய் ஞானபாய், முருங்கைக்கீரை ஈவாஞ்சலின் டீச்சர். கடையில் வாங்கிய காய் சட்டிக்குப் பக்கத்தில்கூட வரக்கூடாது.

இந்த வருஷம் பகவதியே யார் பக்கத்திலும் வரக்கூடாது என்று ஆகிவிட்டது.

அவள் வீட்டுக்கு யாரும் எதுவும் கொடுக்கவும் கூடாது, அவளிடமிருந்து வாங்கவும் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டு நாற்பது நாள் ஆகிறது. தெருவிளக்கு அணைந்து எட்டு மாதம். அதற்கு ஒரு கூட்டம் போட நேரமில்லை. இதற்கு மட்டும் மைக் செட்டே வந்தது.

அவள் செய்த குற்றம் இதுதான். போன வருஷம் திருநெல்வேலி ரோட்டில் ஒரு லோடு வண்டி, சைக்கிளில் போன ஒரிசாக்காரத் தொழிலாளியை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. ஓட்டியவன் உள்ளூர்ப் பையன். நல்ல குடிபோதை. அது வெளியூர் லாரி என்று ஊரே ஒரே வாயாகச் சாதித்தது. பகவதி மட்டும் கோர்ட்டில் கூண்டேறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். பையனுக்கு இரண்டு வருஷம் கிடைத்தது.

பேர் தெரியாத ஒருத்தனுக்காக ஊர்ப்பிள்ளையைக் காட்டிக் கொடுத்துவிட்டாளாம்.

அவனுக்குப் பேர் இருந்தது. பகவதியின் மடியில் கிடந்துதான் அவன் கையால் சாடை காட்டித் தண்ணீர் கேட்டான். அந்தக் கை இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

சட்டியில் பருப்பு மலர்ந்து வந்தது. அரிசியைக் களைந்து போட்டாள்.

ஜெர்லின் விடியுமுன்பே கத்திரிக்காயை வேலிக்கு மேலாக எறிந்துவிட்டு ஓடியிருந்தாள். இரண்டு காய் உடைந்து கிடந்தது. பகவதி அதைக் குனிந்து எடுக்கவில்லை. பயந்து பயந்து வந்த காய்க்கு இந்தச் சட்டியில் இடமில்லை என்று ஆட்டை அவிழ்த்து விட்டாள். ஆட்டுக்குக் கமிட்டி பயம் கிடையாது.

ஞானபாய்க்கு நேற்றிலிருந்து திடீர்க் காய்ச்சலாம்.

பகவதி வெளியே வீம்பாகத்தான் உட்கார்ந்திருந்தாள். உள்ளுக்குள் வேறு ஒன்று ஓடியது. இன்று ஒருத்தியும் வரவில்லையென்றால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தூத்துக்குடியில் மகளோடு போய் இருந்துவிட வேண்டியதுதான். பொய் சொல்லாமல் இருந்ததற்கு ஊரை விட்டே போவதா? அடுப்புப் புகை என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரிசி பாதி வெந்திருக்கும்போது மினி பஸ் வந்து நின்றது.

ஈவாஞ்சலின் டீச்சர் இறங்கினாள்.

பகவதி கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. மற்ற மூன்று பேரில் இவளை மட்டும் அவள் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்க நியாயமும் இல்லை.

டீச்சர் தன் வீட்டுக்குள் போனாள். போனவள் திரும்பவும் வெளியே வந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக் கொப்பு. டீக்கடைக்கு முன்னாலேயே, நடுத்தெருவில், நட்ட நடுப்பகலில் நடந்து வந்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன்கூட கையை நிறுத்திவிட்டான்.

வந்தவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பின் முன்னால் சம்மணம் போட்டாள். பகவதியின் முகத்தைப் பார்க்கவில்லை. கீரையை உருவி உருவிச் சுளகில் போட்டாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

ஆறுமுகநயினாருக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"டீச்சர், என்ன காரியம் பண்ணுதிய? இந்தத் தீர்மானம் போட்டதே ஒங்களுக்காகத்தான?"

டீச்சர் கீரையை ஒரு பிடி அள்ளிச் சட்டியில் போட்டுக் கிளறிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"வண்டிய ஏத்துனது எம் புள்ள, அண்ணாச்சி. காலையில பாளையங்கோட்டை ஜெயில்ல போய் அவனப் பாத்துட்டுத்தான் வாரேன். இவ பாத்ததச் சொன்னா. அந்தக் கூண்டுல நான் ஏறிச் சொல்லியிருக்கணும், இவ ஏறுனா. எனக்காகப் போட்ட தீர்மானம்னா, நானே இப்பக் கிழிச்சிப் போடுதேன்."

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சுக்கே திரும்பிப் போனார்.

டீச்சர் சட்டியைப் பார்த்தபடியே உள்ளங்கையை நீட்டி உப்பு கேட்டாள்.

உப்பை மட்டும் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் இருவருக்கும் சண்டை வரும். பகவதி எப்போதும்போல உப்புச் சாடியைத் தரையில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

டீச்சர் சாடியைத் தொடவில்லை. நீட்டிய கையை எடுக்கவும் இல்லை.

"கையிலயே போடுளா. வர வேண்டிய சண்டையெல்லாம் வந்துட்டு."

பகவதி அள்ளிப் போட்டாள். அளவு பார்க்காததில் இரண்டு மடங்காக விழுந்தது.

அன்றைக்குக் கூட்டாஞ்சோறு ஒரே உப்புக் கரிப்பு. தெருவைப் பார்க்க உட்கார்ந்து, இரண்டு பேரும் இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டார்கள்.